கழுத்தில் தொங்கும் மஞ்சள் அட்டை: ஒரு முன்பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

அதிபர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

இந்தத் தவணை தொடங்கியதும் நீங்கள் பெற்றோருக்கு அனுப்பிய சுற்றுநிருபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளைகள் முன்பள்ளிக்குள் ஆங்கிலம் மட்டுமே கதைக்க வேண்டும், வீட்டிலும் பெற்றோர் இயன்றவரை ஆங்கிலமே கதைக்க வேண்டும் என்கிறது அது. காரணமும் சொல்லியிருக்கிறீர்கள்: பல மொழிகளைக் கேட்டு வளரும் பிள்ளை குழம்பிப் போகுமாம், இலக்கணம் பிந்துமாம், கலப்பு மொழி ஒரு மொழியே அல்லவாம். அதற்கு அடுத்த கிழமை மஞ்சள் அட்டை வந்தது. தமிழோ சிங்களமோ கதைத்துப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் அது ஏறுகிறது. இன்னொரு பிள்ளை பிடிபடும்வரை இறங்குவதில்லை.

சந்திக்க நேரம் கேட்டேன். 'இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான விதி' என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும் பதிலாக வந்தது. எல்லாருக்கும் பொதுவான விதி என்றால் எல்லாரும் வாசிக்கும்படியே எழுதிவிடலாம். உங்கள் பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. தெஹிவளையில் இருந்து வத்தளை வரைக்கும் இதே எண்ணத்தோடு நடக்கும் முன்பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் பெயரை மட்டும் போட்டால் மற்றவர்கள் தங்களுக்கு இது இல்லை என்று இருந்துவிடுவார்கள்.

நான் புதுக்கடை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும்தான் என் பிழைப்பு. பிறந்தது கொட்டாஞ்சேனை. கணவர் வடமராட்சிக்காரர், மாமியார் எங்களோடு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்ப்பது அவர்தான். கீழ் வீட்டில் ஒரு சிங்கள ஆச்சி. பின்னேரங்களில் மகள் பாதி நேரம் அங்கே. இந்த வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதைப்பது என்றால் என் மாமியார் வாய் திறக்கக்கூடாது என்றுதான் அர்த்தம். அதை அவரிடம் போய் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

தேர்ச்சிப் புத்தகத்தில் இருந்து தொடங்குகிறேன். 'மொழிக் குழப்பம், இலக்கணம் பலவீனம்' என்று என் மகளின் பக்கத்தில் எழுதி, ஆதாரமாக அவள் சொன்ன ஒரு வசனத்தையும் குறித்திருந்தீர்கள். அதைக் குறித்து வைத்ததற்கு உண்மையிலேயே நன்றி. வசனம் இது: 'நான் பல்லாவுக்குப் பாண் குடுத்தனான்.'

பல்லா என்றால் சிங்களத்தில் நாய் என்று கொழும்பில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்கள் தொடர்மாடிக் காவலாளியிடம் ஒரு நாய் நிற்கிறது. அதை அவர் வாயிலாகவே அவள் முதலில் அறிந்ததால் அது பல்லா. ஊரில் அப்பம்மா வீட்டில் நிற்பது நாய். சரி, சொல் ஒன்று சிங்களம். அதற்குப் பின்னால் அவள் என்ன செய்திருக்கிறாள் என்று பாருங்கள். கொடுப்பதை வாங்குகிறவர் நான்காம் வேற்றுமையில் வரவேண்டும், அதனால் 'உக்கு' சேர்க்கிறாள். பல்லா என்பது ஆகாரத்தில் முடிகிறது, அடுத்து வருவதும் உயிர். இரண்டு உயிர்கள் நேரே முட்டக்கூடாது என்பதால் நடுவில் ஒரு 'வ்' வைக்கிறாள். பல்லாவுக்கு. இதற்குப் பெயர் உடம்படுமெய். இ, ஈ, ஐ ஆகியவற்றுக்குப் பின் யகரம், ஏனைய உயிர்களுக்குப் பின் வகரம், ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரலாம் என்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் எழுதிவைத்த விதி. நாங்கள் அதை ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கி, பரீட்சை முடிந்ததும் மறந்தோம். நாலு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தமிழ்ச் சொல்லே அல்லாத ஒரு சொல்லின் மேல் அதைச் சரியாக வைத்திருக்கிறாள். வினைமுற்றும் 'நான்' என்பதோடு பொருந்துகிறது. 'குடுத்தனான்' அப்பம்மாவிடம் வந்தது, பருத்தித்துறைக்குப் போனால் இதைத்தான் கேட்பீர்கள்.

அதே பிள்ளை காவலாளியிடம் போய் என்ன சொல்கிறாள் தெரியுமா? 'மம பல்லாட்ட பான் துன்னா.' அங்கே 'உக்கு' இல்லை, சிங்களத்துக்குரிய 'ட்ட' வருகிறது. உடம்படுமெய்யும் இல்லை, வினையில் 'நான்' என்பதைக் காட்டும் விகுதியும் இல்லை. சிங்களப் பேச்சு மொழியில் வினை ஆளுக்கு ஆள் மாறாது. மம யனவா, ஒயா யனவா, எயா யனவா: நான், நீ, அவர் மூவருக்கும் ஒரே 'யனவா'. தமிழில் போறன், போறாய், போறார் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விகுதி வேண்டும். உண்மையில் குழம்பிய பிள்ளை என்றால் தமிழில் விகுதியைக் கைவிட்டிருக்கும், அல்லது சிங்களத்தில் இல்லாத விகுதியை ஒட்டியிருக்கும். இவள் இரண்டையும் செய்யவில்லை. ஒரு மொழியில் இருந்து ஒரு சொல்லைத் தூக்கி வந்து, எந்த வீட்டுக்குள் நுழைகிறாளோ அந்த வீட்டு முறைப்படி அதற்கு உடுத்திவிடுகிறாள்.

இன்னொன்று. பாணையும் கலப்பு என்று ஏன் நீங்கள் அடிக்கோடிடவில்லை? அது போர்த்துக்கேயச் சொல். அந்த வசனத்தில் தமிழாக இல்லாத சொற்கள் இரண்டு. ஒன்று சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படம் காட்டினார். பறவை போல ஒரு பிராணி. அதற்கு அவர் வைத்த பெயர் 'வக்'. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. இது ஒரு வக், இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது, இரண்டு என்ன என்று கேட்டார். பன்மை விகுதியைச் சேர்த்துப் பெரும்பாலான பிள்ளைகள் பதில் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் முன்னே பின்னே கேட்டதில்லை. அதனால் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள் என்று சொல்ல இடமில்லை. பிள்ளைகள் வசனங்களை மனப்பாடம் செய்வதில்லை, கேட்டதில் இருந்து விதியைப் பிரித்தெடுத்து மனதில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதைக் காட்டிய பரிசோதனை அது. மொழியியல் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவர்கள் எல்லாரும் அறிந்தது. 'பல்லாவுக்கு' அதே பரிசோதனைதான், வெள்ளவத்தையில், செலவில்லாமல் நடந்திருக்கிறது. நீங்கள் அதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த பக்கத்தில் ஆங்கிலப் பிழை என்று 'ஐ கோட்' (I goed) என்பதையும் குறித்திருந்தீர்கள், 'வென்ட்' (went) என்று வரவேண்டிய இடத்தில். எங்கள் வீட்டில் யாரும் 'கோட்' என்று சொல்வதில்லை, உங்கள் டீச்சர்மாரும் சொல்ல மாட்டார்கள். அப்படியென்றால் அவள் அதை எங்கிருந்து எடுத்தாள்? இறந்தகாலத்துக்கு ஒரு விகுதி இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தானே செய்தாள். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் இங்கிலாந்துப் பிள்ளைகளும் இதே வயதில் இதையே சொல்வார்கள். பலர் முதலில் 'வென்ட்' என்று சரியாகச் சொல்லி, விதி பிடிபட்டதும் 'கோட்' என்று மாறி, பிறகு விதிவிலக்கையும் பழகிக்கொண்டு திரும்பி வருவார்கள். தமிழிலும் இவள் அதைச் செய்தாள். விழு என்றால் விழுந்தனான், எழு என்றால் எழுந்தனான், ஆகவே அழு என்றால் அழுந்தனான். கணக்கு சரிதானே? 'அழுதனான்' என்று அப்பம்மா தன் பேச்சில் சொல்லிச் சொல்லி இப்போது அதுவும் வந்துவிட்டது. அதற்காக யாரும் அவளுடைய கழுத்தில் எதையும் மாட்டவில்லை.

எனக்கே வியப்பாக இருந்த ஒன்றையும் சொல்கிறேன். கொழும்பில் வளர்ந்த எனக்குச் சுட்டு இரண்டுதான்: இது, அது. யாழ்ப்பாணத்து மாமியாருக்கு மூன்று: இது, உது, அது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. பழந்தமிழில் இருந்த உகரச் சுட்டு, தமிழகத்துப் பேச்சில் மறைந்து, ஈழத்தில் தங்கிவிட்டது. கீழ் வீட்டு ஆச்சியின் சிங்களத்தில் நாலு: மே என்றால் என்னிடம் இருப்பது, ஒய என்றால் உங்களிடம் இருப்பது, அர என்றால் அங்கே தூரத்தில் தெரிவது, ஏ என்றால் முன்னே நாம் கதைத்த அது. ஆங்கிலத்தில் மறுபடி இரண்டு. ஒரே பொம்மையை இவள் அப்பம்மாவிடம் 'உதைத் தாங்கோ' என்று கேட்கிறாள், ஆச்சியிடம் 'ஒய' என்கிறாள், என்னிடம் வந்து 'அதைத் தாங்க' என்கிறாள். யாரிடம் எத்தனை சுட்டு செல்லும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது நாற்பது வயதில் சிங்களம் படிக்க வரும் அரச உத்தியோகத்தர்கள் 'அர'வுக்கும் 'ஏ'வுக்கும் நடுவில் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மொழித் தேர்ச்சிக்குக் கொடுப்பனவும் உண்டு. உங்களிடம் அதே வேலையைச் செய்கிற பிள்ளைக்குக் கிடைப்பது அட்டை.

இனி அந்தக் 'கலப்பு மொழி மொழியே அல்ல' என்ற வரி. எழுதியவர் யார் என்று தெரியாது, அவருடைய வகுப்பறையை அவரே ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும். கதிரை, மேசை, அலுமாரி, ஜன்னல், வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து, எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. கதிரையைத் தவிர மற்றவை சிங்களவர் வீட்டிலும் அதே சொற்கள்தான், வேறு விகுதியோடு. என் தாத்தா வேலைக்குப் போன 'கந்தோர்' ஒல்லாந்தருடையது. சிங்களவர் 'கடே' என்பது எங்கள் கடை, 'சல்லி' எங்கள் சல்லி, 'அக்கா' எங்கள் அக்கா. திசைச்சொல் என்று ஒரு வகையைத் தொல்காப்பியமே ஒத்துக்கொண்டு இடம் கொடுத்திருக்கிறது. திசைச்சொல் தரும் நாடுகளைப் பட்டியலிடும் ஒரு பழம்பாட்டை நன்னூல் உரைகளில் காணலாம். அந்தப் பட்டியலின் முதல் பெயர் சிங்களம்.

சொற்கள் மட்டும் என்றால் பரவாயில்லை, இலக்கணமும்தான் பழகியிருக்கிறது. சிங்களம் பிறப்பால் வங்காளத்துக்கும் ஹிந்திக்கும் உறவு. ஆனால் 'நேற்று வந்த மாமா' என்பதைச் சிங்களத்தில் சொல்லுங்கள்: 'ஈயே ஆபு மாமா'. சொல்லுக்குச் சொல், அதே வரிசை. 'எனக்குப் பசி' என்பதற்கு 'மட்ட படகினியி'. பசி நான்காம் வேற்றுமைக்காரருக்குத்தான் வருகிறது, இரண்டு மொழியிலும். 'வாறன் எண்டு சொன்னவர்' என்பதில் எண்டு இருக்கும் இடத்தில் அங்கே 'கியலா' நிற்கிறது, அதுவும் 'சொல்லுதல்' என்ற வினையில் இருந்து பிறந்ததே. ஹிந்தியில் உள்ள மூச்சு விட்டு ஒலிக்கும் கடின எழுத்துகள் சிங்கள எழுத்தில் இருக்கின்றன, பேச்சில் இல்லை. தமிழோடு பழகிய பழக்கத்தால் போனவை என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். சாட்சிக்கூண்டில் நிற்பவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தமிழில் இருந்து சிங்களத்துக்கு என்னால் சொல்லிக்கொண்டு போக முடிகிறது. ஆங்கிலத்துக்கு என்றால் வசனம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இது என் திறமை அல்ல, இரண்டு மொழிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக அடுத்தடுத்த வீட்டில் இருந்ததன் பலன்.

கொம்பனித்தெருவுக்குப் போனால் இதைவிடத் தெளிவாகக் கேட்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் வீட்டில் மலாய் கதைக்கிறார்கள். மலாய் மொழியில் வினை நடுவில் வரும், வேற்றுமை உருபு கிடையாது. இலங்கை மலாயில் வினை கடைசிக்குப் போய்விட்டது, பெயருக்குப் பின்னால் உருபுகள் வந்துவிட்டன. தமிழ் பேசும் முஸ்லிம்களோடும் சிங்களவர்களோடும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் வந்த மாற்றம். அந்தப் பேச்சுக்கும் முழு இலக்கணம் இருக்கிறது, ஆய்வாளர்கள் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் இவ்வளவு மதிக்கும் ஆங்கிலம் மட்டும் என்ன? 'அவர்கள்' என்பதற்கு அது வைத்திருக்கும் 'தே', 'தெம்', 'தெயர்' மூன்றும் கடலோடி வந்த வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழிச் சொற்கள். பிரதிப்பெயரையே கடன் வாங்கிய மொழி அது.

மலாயில் நடந்தது வேறு, என் மகள் செய்வது வேறு என்பது எனக்குத் தெரியும். ஒரு சமூகத்தின் இலக்கணம் மாறத் தலைமுறைகள் வேண்டும். பிள்ளை ஒரு வசனத்தில் இன்னொரு மொழிச் சொல்லை வைப்பது அந்த நேரத்துத் தேவைக்கு. உங்கள் சுற்றுநிருபம் இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டும் நோய் என்கிறது. இரண்டுமே நோய் அல்ல.

பல மொழி கேட்டால் மூளை மந்தமாகும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். 1923இல் வேல்ஸ் நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு, இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்றது. அப்படியான பழைய ஆய்வுகளில் பல, பிள்ளைகளின் வசதி வாய்ப்புகளைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962இல் கனடாவின் மொன்றியலில் பீலும் லாம்பெர்ட்டும் ஒத்த பின்னணி உள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். இருமொழி கதைத்தால் கெட்டிக்காரர் ஆகிவிடலாம் என்று நான் வாதாட வரவில்லை, அதில் இன்றும் சர்ச்சை இருக்கிறது. கெடுதல் என்ற கட்சிக்குத்தான் ஆதாரம் நிற்கவில்லை. உங்கள் டீச்சர் ஒருவர் 'ஒரு ஆளுக்கு ஒரு மொழி' என்ற முறையை எனக்கு மேற்கோள் காட்டினார். அந்த முறையில் தன் மகனை வளர்த்து 1913இல் புத்தகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் ரோன்ஜா, தான் பிரெஞ்சும் மனைவி ஜெர்மனும் கதைத்து, பிள்ளைக்கு இரண்டையும் கொடுத்தார். ஒன்றைப் பறிப்பதற்கு அந்த முறையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே பேச்சுப் பிந்தல் இருந்தால் அது அவர் கேட்டு வளரும் எல்லா மொழியிலும் தெரியும். அப்போது தேவை பேச்சுச் சிகிச்சையாளர். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது சிகிச்சை அல்ல.

வயதைப் பற்றியும் ஒன்று. 1984இல் வெர்க்கரும் டீஸும் செய்த ஓர் ஆய்வு, எங்கள் 'ட'வுக்கும் 'த'வுக்கும் உள்ளது போன்ற வேறுபாட்டை ஹிந்தியில் எடுத்துக்கொண்டது. ஆங்கில வீட்டில் பிறந்த ஆறு ஏழு மாதக் குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு கேட்டது. ஒரு வயதை நெருங்கும்போது கேட்காமல் போயிற்று. பிள்ளையின் காது, புழங்குகிறதை வைத்துக்கொண்டு புழங்காததை விட்டுவிடும். நாலு வயதில் ஆங்கிலத்தைச் சேர்க்கலாம், தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் தமிழை நிறுத்தி வைத்துவிட்டுப் பத்து வயதில் பாடப் புத்தகத்தோடு திரும்ப அழைத்தால் அது அதே தமிழாக வராது.

இதன் முடிவு என்ன என்பதற்கும் ஆதாரம் உண்டு. லில்லி வோங் ஃபில்மோர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளின் குடும்பங்களைப் பார்த்தது. முன்பள்ளி வயதிலேயே ஆங்கிலம் மட்டும் உள்ள இடத்துக்குப் போன பிள்ளைகள், வீட்டு மொழியை விரைவாக இழந்தார்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் பேச்சே குறைந்தது. இதை நான் அமெரிக்காவுக்குப் போய்ப் பார்க்கத் தேவைப்படவில்லை. காணி வழக்கு ஒன்றில் தாய் தமிழில் சாட்சியம் சொன்னார், மகன் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் வெளி விறாந்தையில் தாய் என்னைக் கூப்பிட்டார். வழக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 'நான் ஏன் அந்தக் காணியை விற்கச் சம்மதிச்சன் எண்டு இவருக்கு ஒருக்கா விளங்கச் சொல்லுங்கோ மகள்' என்றார். அதை அவர் மகனிடம் தானே சொல்ல முடியாமல் இருந்தது. சொன்னேன். அது என் கடமைப் பட்டியலில் இல்லாத வேலை.

என் வீட்டில் அது தொடங்கிவிட்டது. அட்டை வந்த பிறகு மகள் அப்பம்மாவுக்குத் தலையாட்டிப் பதில் சொல்கிறாள். வாயைத் திறந்தால் மாட்டிவிடுவோம் என்ற பயம் வீடுவரை வந்திருக்கிறது. பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தல் அப்படியே நிறைந்து திரும்பி வந்தது. மூடி இறுக்கம், திறந்து தாங்கோ என்று ஆங்கிலத்தில் கேட்க அவளுக்குத் தெரியவில்லை, தமிழில் கேட்கத் துணியவில்லை. கொழும்பு வெயிலில் ஒரு நாலு வயதுப் பிள்ளை தாகத்தோடு இருந்திருக்கிறாள், பக்கத்தில் இரண்டு தமிழ் டீச்சர்மார் இருக்க. உங்கள் முழுச் சுற்றுநிருபத்திலும் எனக்கு மன்னிக்க முடியாதது இதுதான்.

அந்த அட்டை உங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு வேல்ஸ் பாடசாலைகளில் வெல்ஷ் மொழி கதைத்த பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்துக் கதைத்த பிள்ளைக்கு அது கைமாறும், பள்ளி விடும் நேரத்தில் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அடி. பிரான்சின் பிரெத்தான் பகுதியிலும் ஜப்பானின் ஒக்கினாவாவிலும் இதே தந்திரம், வேறு வேறு பெயரில். இதன் கெட்ட குணம் அவமானம் மட்டும் அல்ல. தன் கழுத்தில் இருந்து இறக்க வேண்டும் என்றால் பக்கத்துப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சக பிள்ளை எப்போது தமிழ் கதைப்பான் என்று என் மகள் காத்திருந்ததாக அவளே சொன்னாள். பிறகு அதே வேல்ஸில் என்ன நடந்தது? 1971இல் வெல்ஷ் மொழி முன்பள்ளிகளுக்கு என்றே ஓர் இயக்கம் தொடங்கினார்கள், போனதை மீட்பதற்கு. நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் பாட்டிமாரையும் தாத்தாமாரையும் முன்பள்ளிக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள், பிள்ளைகள் மாவோரி மொழியைக் கேட்டு வளரட்டும் என்று. எங்களிடம் அப்பம்மா வீட்டிலேயே இருக்கிறார், சம்பளம் இல்லாமல்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்கு விளங்காமல் இல்லை. பெற்றோர்தான் கேட்கிறார்கள், பிள்ளை ஆங்கிலம் கதைக்கவில்லை என்றால் அடுத்த தெரு முன்பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். முதலாம் வகுப்பு நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பெயர் கேட்பார்கள் என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருக்கிறது. எனக்கும் என் மகள் நல்ல ஆங்கிலம் கதைக்க வேண்டும், அதற்காகவே கட்டணம் கட்டுகிறேன். பாட்டு, கதை, விளையாட்டு என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் நடத்துங்கள், அவள் அதையும் தானே பிரித்தெடுத்துப் படித்துவிடுவாள். 'ஐ கோட்' என்று சொன்னவள் பாதி வழி வந்துவிட்டாள். அதற்குத் தமிழைக் குற்றமாக்கத் தேவையில்லை. மொழி ஒன்றைச் சட்டத்தால் ஒதுக்கி 1956இல் இந்த நாடு தொடங்கியது எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று சொல்ல எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதும் அப்படித்தான். தேசிய மொழியில் கல்வி பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஒரு தனியார் முன்பள்ளியை அது எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதைச் சட்டத்தரணிகளிடம் விடுகிறேன். ஆனால் தமிழர் நடத்தும், தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஓர் இடத்தில் தமிழுக்கு அட்டை மாட்ட யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. மஞ்சள் அட்டையை உடனே நிறுத்துங்கள், இனி எந்தப் பெயரிலும் அது வராது என்று பிள்ளைகளிடம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் டீச்சர்மார் சொல்லட்டும். அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர், பசி, கழிவறை, வலி, பயம் இவற்றைப் பிள்ளை எந்த மொழியில் சொன்னாலும் கேட்டு உதவ வேண்டும் என்று எழுத்தில் ஒரு நிலையான அறிவுறுத்தல் கொடுங்கள். வீட்டில் எந்த மொழி கதைப்பது என்ற பகுதியைச் சுற்றுநிருபத்தில் இருந்து மீளப்பெறுங்கள், அது உங்கள் அதிகாரத்துக்குள் வருவது அல்ல. 'மொழிக் குழப்பம், இலக்கணம் பலவீனம்' என்று தேர்ச்சிப் புத்தகங்களில் எழுதியதை நீக்குங்கள். என் மகளுடையதில் மட்டும் அல்ல, இதே காரணத்துக்காக எழுதப்பட்ட எல்லாப் பிள்ளைகளுடையதிலும். முதலாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பக்கங்களும் கூடவே போகின்றன. பேச்சில் சந்தேகம் உள்ள பிள்ளை என்றால் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழும் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்புங்கள். கிழமையில் ஒரு காலை, விரும்பும் அப்பம்மா, அம்மம்மா, தாத்தாமார் வந்து தமிழிலோ சிங்களத்திலோ கதை சொல்ல இடம் கொடுங்கள். என் மாமியார் வரத் தயார், கீழ் வீட்டு ஆச்சியையும் கேட்டுவிட்டேன். இவற்றைப் பேசுவதற்குப் பெற்றோர் கூட்டம் ஒன்றை, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய சனிக்கிழமையில் வையுங்கள்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வட்ஸ்அப் வரி போதாது. அதுவரை மகளை வழக்கம் போல அனுப்புவேன், ஆனால் அவளுடைய கழுத்தில் அந்த அட்டையை மாட்டுவதற்கு எனக்கோ அவளுடைய அப்பாவுக்கோ சம்மதம் இல்லை. இந்த மடலை அதற்கான எழுத்து மூல அறிவித்தலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்
வெள்ளவத்தை, கொழும்பு 06